மனசு கஷ்டப்பட வேணாம்மா

கோபமாக உள்ளே போகிறவர்களை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே வரவைக்க அவரால் முடியும். என்னையே இரண்டு முறை அப்படி அனுப்பியிருக்கிறார். இரண்டு முறையும் கார் கதவைச் சாத்திய பிறகுதான், நான் எதற்காக வந்தேன் என்பது நினைவுக்கு வரும். அதற்குள் அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று என் பிள்ளைக்குக் கை அசைத்துக்கொண்டிருப்பார்.

மின்சாரக் கார்களைப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் அவர் சர்வீஸ் அட்வைசர். ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை, பையில் இரண்டு பேனா, மேசைமேல் உள்ளங்கை அளவு மாதா படம். நாம் வண்டியை நிறுத்துவதற்குள் வெளியே வந்து கதவைத் திறந்துவிடுவார். என்னிடம் பேசமாட்டார். முதலில் பிள்ளையிடம்தான் பேசுவார்.

"வாங்க மேடம், வாங்க. இன்னிக்குப் புதுக் கட்டா? எங்க, காட்டுங்க."

என் மகளுக்கு அப்போது இரண்டரை மாதம். இடது பாதம் உள்பக்கம் திரும்பிப் பிறந்தவள். வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், மருத்துவமனையில் பழைய மாவுக்கட்டைப் பிரித்து, பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, புதுக் கட்டுப் போடுவார்கள். எட்டு மணிக்குள் நம்பர் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வெள்ளிதான். அவர் அந்தக் கட்டை ஒற்றை விரலால் தொட்டு, "ஓடப்போற காலும்மா இது" என்பார். அவர் சொன்னது பலித்தது, இப்போது அவள் ஓடுகிறாள். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை.

எங்கள் வீடு டத்தோ கிராமாட்டில். பழைய வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தும் இடம் அவ்வளவு ஒடுக்கம். ஓட்டுநர் பக்கக் கதவை மட்டும்தான் பாதியாவது திறக்கலாம். பின்கதவைத் திறந்து பிள்ளையை இருக்கையில் வைக்க முடியாது. அதனால் நான் முதலில் காரைப் பின்னால் எடுத்துச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை மாமனார் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு கேட் ஓரம் நின்று, "வா... வா... வா..." என்று வழி காட்டுவார். கணவர் காலை ஆறு மணிக்கே புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேனில் ஏறிப் போய்விடுவார். நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். ஆகவே கார் வாரம் முழுதும் நின்றபடியே நிற்கும். வெள்ளிக்கிழமை மட்டும் மருத்துவமனைக்குப் போய் வரும்.

சிக்கல் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, ரிவர்ஸில் போட்டு மெதுவாக அழுத்தினேன். வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பின்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு குலுங்கல், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மருத்துவமனை முடிந்து வரும் வழியில் அந்த அட்வைசரிடம் போனேன். பிள்ளை ஏறும் வண்டி, எனக்குப் பயம்.

அவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். எல்லாம் பச்சை.

"ஒண்ணும் இல்லம்மா. பார்க்கிங் பிரேக் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணுது. லேசா அழுத்திக் கொடுத்தா தானா விட்டுடும்."

"பிரேக் ஏன்ணே ஒட்டிக்கணும்?"

"சில காடி அப்படித்தான் லா," என்று காரைத் தட்டிக்கொடுத்தார். " மனசு கஷ்டப்பட வேணாம்மா."

இதுதான் அவருடைய வாக்கியம். சீனக் கிழவருக்கு ஹொக்கியனிலும் மலாய்ப் பெண்மணிக்கு மலாயிலும் இதையே சொல்வார். மூன்று மொழியிலும் ஒரே குரல், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போன்ற குரல். நான் உடனே தளர்ந்துவிட்டேன். பிள்ளை பெற்ற பிறகு எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன் என்று என் கணவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். "சாரிண்ணே, சும்மா உங்க நேரத்த வீணாக்கிட்டேன்" என்றேன். அவர் குடை பிடித்துக் கார் வரை கொண்டுவந்து விட்டார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சத்தம் பெரிதாகக் கேட்டது. மாமா முகம் மாறிவிட்டது. "வெள்ளிக்கெழம மட்டும்தானே இப்படிப் பண்ணுது? பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போற அன்னிக்கு மட்டும்? கண்ணு பட்டிருக்கும்மா" என்றார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு வீட்டில் எதிலும் தலையிடமாட்டார். பிள்ளையின் காலைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். ஆனால் அவள் பிறந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் காரைக் கழுவினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பைப்பை வைத்துச் சக்கரங்களுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டுத் தேய்த்து, துடைத்து, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டுவார். மறுநாள் பாப்பா ஏறிப் போகும் வண்டி. அது அவருடைய வேண்டுதல் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

கண்ணு என்று முடிவானதும் அடுத்த வியாழன் இன்னும் அதிகமாகக் கழுவினார். நான்கு சக்கரத்துக்கும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர்.

அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை அட்வைசரைப் பார்க்கப் போனபோது அவர் மேசைக்கு முன்னால் ஒரு சீன முதியவர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அவர் வண்டிக் கதவில் நீளமாக ஒரு கீறல். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்க்கும்போது இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதியவர் பேரனின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது இவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே தன் வண்டிப் பக்கத்தில் நின்று, கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வரவில்லை. அவருக்குப் பிறகு என் முறை. கம்ப்யூட்டர் பச்சை, காப்பி, மனசு கஷ்டப்பட வேணாம்மா. "தேங்க்ஸ்ணே, சாரிண்ணே."

மூன்றாவது வெள்ளிக்கிழமை சக்கரம் விடவே இல்லை. அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான். வாடகைக் கார் கூப்பிட்டு, அது வந்து, நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். நம்பர் முடிந்துவிட்டது. அந்த நர்ஸ் கெட்டவள் இல்லை. "ஒரு வாரம் தள்ளிப் போச்சேம்மா. வளர்ற எலும்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அடுத்த வாட்டி நேரத்தோட வாங்க" என்றாள். நேரத்தோடு வராத தாய் நான். கழிப்பறையில் போய் அழுதேன்.

அங்கிருந்தே அட்வைசருக்குப் போன் செய்தேன். இந்த முறை விடக்கூடாது என்று நினைத்திருந்தேன். என்ன நடந்தது? தன் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மத்தியான வெயில். காரில் ஏறி முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை ஆட்டினார். சக்கரம் விட்டுக்கொண்டது. மாமா அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான்தான் வாரா வாரம் கழுவறேன் சார். ரிம்முக்குள்ள கைய விட்டுத் தேய்ப்பேன். மஞ்சத்தண்ணி கூட ஊத்துறேன். பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சள் கறை படிந்த சக்கரத்தையும் சுருட்டி வைத்த பைப்பையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க அங்கிள். பளபளன்னு இருக்கு."

மாமா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். தீபாவளி முடிந்த வாரம். நான் லட்டு கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டார். "இன்னொன்னு எடுத்துக்குங்கண்ணே" என்றேன், எடுத்துக்கொண்டார். தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிற சர்க்கரை நோயாளி அவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் வேலை முடியும்வரை எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாராம். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் என்ன, அழுதிருப்பேனா?

நான்காவது வெள்ளிக்கிழமை ஏழு மணி. மாமா பிள்ளையை இடது கையில் ஏந்திக்கொண்டு கேட்டுக்கு நடுவில் நின்றார். முந்திய வாரம் வண்டி நகராமல் போனதால், கிட்டே வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று வழக்கத்தைவிட இரண்டடி முன்னால் நின்றார். "வா... வா..." நகரவில்லை. லேசா அழுத்திக் கொடுத்தா தானா விட்டுடும். லேசாக அழுத்தினேன். நகரவில்லை. எட்டு மணி, நம்பர், நர்ஸின் முகம். இன்னும் அழுத்தினேன்.

பலகை முறிவது போல ஒரு சத்தம். கார் பின்னால் பாய்ந்தது. நான் பிரேக்கை மிதித்தபோது பின்கேமராத் திரை முழுக்க வெள்ளை. என்ன வெள்ளை என்று ஒரு கணம் புரியவில்லை. அது என் மகளின் மாவுக்கட்டு.

இறங்கி ஓடிப் பார்த்தேன். பம்பருக்கும் மாமாவின் முட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவர் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். வாயிலிருந்து இன்னும் "வா... வா..." என்று வந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல். அவளோ தூக்கி விளையாடுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் அதிகமாக அழுத்திவிட்டேனோ? இதை எத்தனை முறை கேட்டுக்கொண்டேன் என்று கணக்கில்லை. இன்றும் சில இரவுகளில் வலது கால் கட்டைவிரலை மடக்கிப் பார்க்கிறேன். இவ்வளவுதானா, இதைவிட அதிகமா?

வாடகைக் காரில் மருத்துவமனைக்குப் போனேன். கணவர் வேலையிடத்திலிருந்தே ஏற்பாடு செய்து, இழுவை லாரியில் காரை அனுப்பிவைத்தார். பிள்ளைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நேராகச் சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். இந்த முறை அட்வைசர் மேசைக்குப் போகவில்லை. பின்னால், வண்டியைத் தூக்கி வைத்திருந்த இடத்துக்குப் போனேன். மலாய்க்கார மெக்கானிக் ஒருவர் பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தார். பிரேக் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கப் பழுப்புத் துரு. அதன் நடுவில், ஈரக் கோப்பை வைத்த மேசையில் தடம் விழுவது போல, அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கட்டையின் தடம். கட்டையில் ஒரு துண்டு பிய்ந்து தட்டோடு ஒட்டியிருந்தது.

கழுவிவிட்டு அப்படியே நிறுத்தி வைக்கிறீர்களா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இந்த வண்டிகளில் வேகத்தை மோட்டாரே குறைத்துவிடும், பிரேக்குக்கு வேலையே கிடையாது. அதனால் தட்டில் துரு தேயாமல் தங்கிவிடும். நிறுத்தியதுமே பார்க்கிங் பிரேக் தானாகக் கடித்துக்கொள்ளும், ஈரமாக இருந்தால் விடிவதற்குள் அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். கழுவியதும் ஒரு சுற்றுப் போய், நாலு தடவை பிரேக்கை நன்றாக மிதித்துவிட்டு வந்து நிறுத்துங்கள், காய்ந்துவிடும். அவ்வளவுதான் என்றார்.

சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

முன்கூடத்துக்குப் போனேன். அட்வைசர் எழுந்து வந்தார். முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார்.

"மேடத்துக்கு இன்னிக்கு..."

"அண்ணே, அவகிட்ட அப்புறம் பேசலாம். கழுவின தண்ணியாலதான் பிரேக் ஒட்டிக்கிதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. கண்ணாடியில பூ, பானெட்ல சந்தனம். வியாழக்கெழம கழுவுற வீடுன்னு தெரிஞ்சிபோச்சு. நம்ம ஆளுங்க காடி இன்னும் நாலஞ்சு இதே மாதிரி வந்திருக்கு."

"அப்ப ஏன்ணே சொல்லல?"

"நான் மாதா கோயிலுக்குப் போறவன். நீங்க சாமிக்குன்னு கழுவுறீங்க. அதனாலதான் காடி கெடுதுன்னு நான் எப்படிம்மா வாயத் தொறந்து சொல்லுவேன்? அப்புறம் வீட்டுக்கு வந்தேனா, அங்கிள் அவ்ளோ ஆசையா காட்டினாரு. பெரிய மனுசன். அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு..."

"கழுவாதீங்கன்னு உங்கள யாரு சொல்லச் சொன்னா? கழுவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? அதுல எந்த சாமிக்குக் கோவம் வரும்?"

அவர் முகத்தில் நான் பார்த்தது குற்றவுணர்ச்சிகூட இல்லை, ஆச்சரியம். அந்த ஒரு வாக்கியம் ஒரு மாதமாக அவருக்குத் தோன்றவே இல்லை. யாருக்காவது முகம் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில், சுருங்காமல் சொல்ல ஒரு வழி இருந்ததைக்கூட அவர் தேடவில்லை.

"அது... தோணலம்மா. விடுங்க, இப்ப சரி பண்ணிடலாம். மனசு கஷ்டப்பட வேணாம்..."

"எனக்குக் கஷ்டப்படணும்ணே!"

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். பிள்ளை அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை.

"என் மனசு கஷ்டப்பட்டுட்டுப் போகட்டும். எங்க மாமா மூஞ்சி சுருங்கிட்டுப் போகட்டும். லேசா அழுத்துங்கன்னு சொன்னீங்களே, அழுத்தினேன்ணே. பின்னால யாரு நின்னா தெரியுமா? நல்லவன்னு பேர் வாங்க என் பிள்ளைதானா உங்களுக்குக் கெடச்சா?"

அவர் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் மெல்லத் தள்ளினார். எனக்கு அதைத் தூக்கி எறியத் தோன்றியது. எறியவில்லை, எடுக்கவும் இல்லை. கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதுகூட ஒரு நினைப்பு வருகிறது. சொன்னதுதான் சரி என்றும் வருகிறது.

வெளியே நல்ல மழை. வாடகைக் கார் சாலை ஓரத்தில் நின்றது. எனக்குப் பின்னால் காலடிச் சத்தம், தலைக்கு மேலே குடை. மாவுக்கட்டு நனையக்கூடாது. அதனால் குடையைப் பிள்ளைக்கு மட்டும் பிடிக்க விட்டேன். நான் வெளியே விலகி நனைந்துகொண்டே நடந்தேன். அவரும் குடையை முழுதாக அவள்மேல் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். அன்று நான் அவரிடம் சாரி சொல்லவில்லை. பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை.

சரிசெய்த காரைக் கணவர் போய் எடுத்து வந்தார். அவரே அப்பாவிடம் சொல்லிவிடுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். "நீயே பக்குவமா சொல்லிடேன்" என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா பைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர். ஒரு வாளி போதவில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க."

"சொல்லும்மா."

ஒண்ணும் இல்ல மாமா, உங்கமேல ஒரு தப்பும் இல்ல. இதுதான் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இதைச் சொல்லிவிட்டு, அவர் குளிக்கப் போகும்போது யாருக்கும் தெரியாமல் நானே ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம். எவ்வளவு சுலபம். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. நீலச் சட்டையும் இரண்டு பேனாவும் வைத்திருக்கும் குரல்.

"நீங்க கழுவுற தண்ணியாலதான் மாமா சக்கரம் ஒட்டிக்கிது."

அவர் கையிலிருந்த பைப்பைப் பார்த்தார்.

"தண்ணி உள்ள நின்னு துருப்பிடிச்சிடுது மாமா. கழுவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினா..."

மீதியை அவர் கேட்கவில்லை.

"அப்ப அன்னிக்கு... பாப்பாவ வெச்சிக்கிட்டு நின்னேனே... அது என்னாலயா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் வாயால் சொல்லவில்லை, ஆனால் பார்வையை விலக்காமல் நின்றேன். அவர் குழாயை மூடினார். பைப்பைச் சுருட்டினார். வாளித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். அன்று இரவு கஞ்சி மட்டும் குடித்தார்.

காரை நானே கழுவினேன். எனக்கு அவரைப் போல வராது. பிறகு நான்கு தெரு சுற்றி, ஆளில்லாத இடமாகப் பார்த்து நான்கு முறை பிரேக்கை அழுத்தி மிதித்தேன். எங்கிருந்தோ பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர், "அக்கா, லைசென்ஸ் இருக்கா இல்லியா?" என்று கத்திவிட்டுப் போனார். வந்து நிறுத்தி, சந்தனம் வைத்து, பூ கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை, பெடலில் கால் வைத்ததுமே கார் சத்தமில்லாமல் பின்னால் வந்தது. கேமராத் திரையில் கேட், சாலை, எதிர்வீட்டுச் சுவர். நடுவில் யாரும் இல்லை. யாரும் "வா" என்று சொல்லவும் இல்லை. சாலையில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ள உள்ளே போனேன். மாமா கூடத்தில் நாற்காலியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் அவளை நீட்டினார். ஒரே இரவில் அந்த முகம் எவ்வளவு சிறுத்துவிட்டது. இதைப் பார்க்கப் பயந்துதான் அந்த மனிதர் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மருத்துவமனையில் அன்று எங்களுக்குக் கிடைத்த நம்பர் இரண்டு.